முன்பணமும் கையொப்பமும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், சத்திரம் பேருந்து நிலையத்தில் திருவரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்தை எதிர்நோக்கி நின்றிருந்தோம். முன்னாள் மாணவர் ஒருவர் அருகில் வந்து வணங்கினார். நம் வகுப்பில் தமிழ் பயின்றவர். இப்போது துவாக்குடியில் ஒரு லேத் பட்டறையில் கணக்கெழுதுகிறார். நலம் விசாரித்து முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து விரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறம், எடை அதிகமில்லை. அழுத்தியதும் எதிரே நின்ற பேருந்தின் பெயர்ப்பலகை பளிச்சிட்டது.

“டைட்டானியம் டார்ச், ஐயா. மாதிரிக்குச் செய்தது. நாற்பது பேர் சேர்ந்து செய்யச் சொல்லப் போகிறோம். ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் முன்பணம். பணம் உங்களிடம் இருந்தால் ஒருவரும் தயங்கமாட்டார்கள்.”

கைவிளக்குக்கு ஆறாயிரமா என்று நகைப்பது எளிது. முந்நூறு ரூபாய் டார்ச்சும் இருளை நீக்கத்தான் செய்கிறது. அன்றியும், விளக்குக்கு டைட்டானியம் அத்துணைப் பொருத்தமான உலோகமும் அன்று. எல்.இ.டி. விளக்கு எரியும்போது எழும் வெப்பத்தை வெளியே கடத்துவது அதன் உடற்குழாய்தான். வழக்கமாகப் பயன்படும் டைட்டானியக் கலவை, அலுமினியக் கலவையோடு ஒப்பிட ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும். கடைசலிலும் இதே குணம் தொல்லை தருகிறது. வெப்பம் வெளியேறாமல் வெட்டும் கருவியின் முனையிலேயே தங்கி அதைத் தேய்த்துவிடும். ஆகவே மெதுவாகக் கடையவேண்டும். ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் எந்திரத்தை ஆயத்தம் செய்யும் உழைப்பு ஒன்றே என்பதால், ஒற்றை விளக்குக்காகப் பட்டறைக்காரர் எந்திரத்தைத் தொடமாட்டார். நாற்பது பேர் கூடவேண்டியிருப்பது அதனால்தான். மாணவர் இவை யாவும் அறிந்தவர். “துருப்பிடிக்காது ஐயா, என் மகன் காலத்துக்கும் இருக்கும்” என்பதே அவர் விடை.

நாம் நகைக்கவில்லை. மலிவுப் பதிப்பில் கிடைக்கும் நூலையே கெட்டி அட்டைக்கும் நல்ல தாளுக்கும் ஆசைப்பட்டு, அச்சாகுமுன்னரே பணம் கட்டி வாங்குபவர்கள் நாம். ஜெயமோகனின் வெண்முரசு நாவல்கள் செம்பதிப்பாக வந்தபோது முன்பதிவு செய்து காத்திருந்தவர் நம்மிடையே பலர். 2019-இல் விளக்கு ஆர்வலர்கள் கூடி வகுத்த வடிவமைப்பின்படி எஃப்டபிள்யூ3ஏ என்னும் கைவிளக்கைச் சீனாவின் லுமின்டாப் நிறுவனம் செய்து விற்றது. பின்னர் அதற்கு டைட்டானிய வடிவமும் வந்தது. பொருள் வேறெனினும் வேட்கை ஒன்றே.

இல்லாத பொருளுக்குப் பலர் கூடி முன்பணம் கொடுப்பது புதிய வழக்கமும் அன்று. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் (நம் ஜி.யு. போப் அல்லர்) ஹோமரின் இலியத்தை மொழிபெயர்த்து 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது இவ்வகையில்தான், பணம் கட்டியோர் பெயர்ப்பட்டியலும் அதில் அச்சாயிற்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே அன்பர்களிடம் ‘கையொப்பம்’ வாங்கினார். நூல் வெளிவருமுன் அதை வாங்க உடன்பட்டுப் பெயரெழுதித் தருவதற்கு அந்நாளில் அதுவே பெயர். அச்சுச் செலவுக்கும் தாளுக்கும் அவர் பட்ட பாட்டை ‘என் சரித்திரம்’ படித்தோர் அறிவர். நம் தெருப் பெண்கள் நடத்தும் தீபாவளிப் பலகாரச் சீட்டும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

ஆனால் எல்லாக் கூட்டும் இவ்வாறு நிறைவதில்லை. 2023-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகைக்கடையின் சேமிப்புத் திட்டத்தில் பணம் கட்டியவர்கள், கடைகள் மூடப்பட்டபின் பொருளாதாரக் குற்றப் பிரிவை நாடி முறையிட்ட செய்தியை நாம் அனைவரும் படித்தோம்.

நம் கதை அவ்வளவு பெரிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகம் – பெயர் வேண்டா – பல தொகுதிகள் கொண்ட உரைநூல் ஒன்றுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தது. உடன் பணியாற்றுவோர், நண்பர்கள் என இருபத்திரண்டு பேரிடம் பணம் திரட்டி அனுப்பினோம். முதல் தொகுதி வந்தது, இரண்டாவது வரவில்லை. கேட்டவர்க்கெல்லாம் விடை சொன்னோம். ஒருவரிடம் அச்சகத்தில் தாமதம் என்றோம். மற்றொருவரிடம் தை பிறந்ததும் வந்துவிடும் என்றோம். ஒருநாள் இதே சத்திரம் நிலையத்தில் நெருங்கிய நண்பர் ஒருவர் நம்மைக் கண்டும் காணாதவர்போல் மறுபக்கம் நடந்து போனார். பணம் கேட்டு நம்மைக் கூசவைக்கலாகாது என்றே விலகினாராம். அது வசவைவிடக் கடுமையாக இருந்தது. முடிவில் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்தோம். நட்புகள் சில பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

பதிப்பகத்தின் குற்றம் இருக்கட்டும். நம் பிழை யாதெனப் பலநாள் எண்ணிப் பார்த்தோம். அந்த இருபத்திரண்டு பேரும் நம்மை அறிவர், ஒருவரையொருவர் அறியார். அதனால்தான் ஆளுக்கொரு சமாதானம் சொல்ல நம்மால் முடிந்தது. பலகாரச் சீட்டில் அது நடவாது. யார் யார் கட்டினார்கள், எத்தனை வாரம் கட்டினார்கள் என்பது தெருவுக்கே தெரியும். ஒருத்திக்குச் சொன்ன பொய் அன்று மாலையே குழாயடிக்கு வந்துவிடும். நகைக்கடையில் பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே புகார் கொடுக்கச் சென்ற இடத்தில்தான் இருக்கும்.

ஆகவே நம் கருத்து இது. கூட்டுக் கொள்முதலுக்குக் காப்பு, நடத்துபவரின் நற்பெயர் அன்று. பணம் கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியல் அவர்கள் அனைவரின் கையிலும் இருப்பதே. முன்பணம் கொடுப்பவர் வெறும் வாடிக்கையாளர் அல்லர். பொருள் வராமற்போகும் இடரையும் சேர்த்து ஏற்கும் பங்காளி. பங்காளிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேட்பதை அவநம்பிக்கை என்று நடத்துபவர் வருந்தலாகாது. கேட்பது நாகரிகம் அன்று என்று கொடுத்தவரும் வாளாவிருத்தலாகாது. நம் ஊரில் இந்த இரண்டாவது குறையே மிகுதி. நல்ல மனிதர் என்று சொல்லியே ஒருவரைத் தனியே சுமக்க விட்டுவிடுகிறோம்.

மாணவரிடம் இதைத்தான் சொன்னோம். பணத்தை நாம் தனியே வைத்துக்கொள்ள இயலாது. இருவர் கையெழுத்தில் தனிக் கணக்கு வேண்டும். பட்டறைக்கு எவ்வளவு, அவருக்குக் கூலி எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிக் காட்டவேண்டும். எந்த நாளுக்குள் விளக்கு வராவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதவேண்டும். மாதம் ஒருமுறை, கெட்ட செய்தியாயினும், நாற்பது பேருக்கும் ஒரே சொற்களில் தெரிவிக்கவேண்டும்.

அவர் முகம் வாடிற்று. “இவ்வளவு எழுதினால் சிலர் பயந்து விலகிவிடுவார்கள், ஐயா” என்றார். விலகட்டும் என்றோம். அதற்குள் இரண்டு பேருந்துகள் போய்விட்டிருந்தன.

பத்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. ஐவர் விலகியிருந்தனர். முப்பத்தாறாவதாக நம் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினோம். டார்ச் நமக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். விளக்கு இன்னும் வரவில்லை. முதல் மாதக் கணக்கு வந்துவிட்டது.