கணிப்பொறிப் பக்கம்: எழுத்து மாறாமல் உரிமை மாறினால்

புணேயிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறார். ஒரு மாலை, பெரியதொரு கோப்புறையில் எவர் படிக்கலாம், எவர் எழுதலாம் என்னும் அனுமதியை மட்டும் மாற்றிவிட்டு வீடு திரும்பினாராம். மறுநாட் காலையில் காப்பு நகல் வைக்கும் வட்டு நிரம்பி, அன்றைய நகல் பாதியில் நின்றிருந்ததாம். எந்தக் கோப்பிலும் ஓர் எழுத்துக்கூட மாறாதிருக்க இஃது எவ்வாறு நேர்ந்தது என்று கேட்கிறார். நம் குடும்பங்களில் இத்தொழிலில் இருக்கும் பிள்ளைகள் பலராதலின், விடையைச் சற்று விரித்தே கூறுவோம்.

யூனிக்ஸ் வழிவந்த சர்வர்களில், லினக்ஸ் உட்பட, கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்திலும், அதன் உரிமையாளர், குழு, அனுமதி, நேரம் ஆகிய குறிப்புகள் ஐ-நோட் எனப்படும் வேறோரிடத்திலும் இருக்கும். பத்திரம் பெட்டிக்குள் இருக்க, சாவி எவரிடம் என்பது கணக்கப்பிள்ளையின் ஏட்டில் இருப்பதைப் போன்றது இது. அனுமதியை 644 என்பதிலிருந்து 640 என்று மாற்றினால் ஏடு மட்டுமே திருத்தப்படுகிறது, பெட்டி திறக்கப்படுவதில்லை.

அவ்வேட்டில் நாம் கருத வேண்டிய நேரங்கள் இரண்டு. உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம் எம்-டைம். உள்ளடக்கமோ குறிப்போ எது மாறினும் உடன் மாறுவது சி-டைம். (சி என்னும் எழுத்தைக் கண்டு, கோப்புப் பிறந்த நேரம் என்று பொருள் கொள்வார் பலர், அது பொருந்தாது.) காப்பு மென்பொருள் இவற்றுள் எதை நோக்குகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

குனூ டார், மாறியவற்றை மட்டும் எடுக்கும் முறையில் சி-டைமையும் பார்க்கும். எனவே அனுமதி மாறிய கோப்பு எத்துணைப் பெரிதாயினும் முழுமையாக மீண்டும் எடுக்கப்படும். போர்க், ரெஸ்டிக் ஆகியனவும் இயல்பாகச் சி-டைமைக் கண்டு கோப்பை மறுபடி படிக்கும். ஆனால் உள்ளடக்கத்தைத் துண்டுகளாக்கி, முன்னரே இருக்கும் துண்டை மீண்டும் சேமியாமையால், நேரம் செலவாகுமேயன்றி வட்டில் இடம் அதிகம் செலவாகாது.

1996-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் வெளியிட்ட ஆர்-சிங்க் வேறு வகை. அது இயல்பில் கோப்பின் அளவையும் எம்-டைமையுமே ஒப்பிடும். அனுமதியையும் காக்குமாறு பணித்திருந்தால், உள்ளடக்கத்தை அனுப்பாமல் மறுபுறத்து அனுமதியை மட்டும் திருத்திவிடும். பணிக்காவிடில் நகலில் பழைய அனுமதியே நிற்கும். சம்பளப் பட்டியலை மற்றவர் பாராதவாறு இன்று மூடினோம்; நாளை வட்டுப் பழுதாகி நகலை மீட்டால், அப்பட்டியல் மீண்டும் அனைவர்க்கும் திறந்து கிடக்கும்! சிறிய 'ஏ' குறியில் சாதாரண அனுமதி அடங்கும். ஏசிஎல் எனப்படும் விரிவான அனுமதிப் பட்டியல் அடங்காது. அதற்குப் பெரிய 'ஏ' குறியையும் சேர்த்திடல் வேண்டும்.

ஆயின் வட்டு நிரம்பியது ஏன்? நாள்தோறும் ஒரு முழு நகல் இருப்பதுபோல் காட்டி, மாறாத கோப்புகளை நேற்றைய நகலோடு ஹார்ட் லிங்க்கால் இணைக்கும் 'லிங்க்-டெஸ்ட்' முறை பல இடங்களில் வழங்குகிறது. இணைக்கப்பட்ட பெயர்கள் அனைத்துக்கும் ஐ-நோட் ஒன்றே; அனுமதியும் ஒன்றே. இன்றைய அனுமதி வேறாயின் இணைக்க இயலாது. கோப்பு முழுவதையும் புதிதாக எழுதியே தீர வேண்டும். அம்மகளுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவே.

இடம் செலவானாலும் இம்முறை நேர்மையானது என்பேன். நேற்றைய நகலை முதலில் ஹார்ட் லிங்க்காகப் பெருக்கி வைத்துக்கொண்டு, அதன் மேல் ஆர்-சிங்க்கை ஓட்டும் பழைய முறையோ அஞ்சத்தக்கது. அங்கே அனுமதி இருந்த இடத்திலேயே திருத்தப்படுவதால், அக்கோப்போடு இணைந்த எல்லாப் பழைய நாட்களின் நகல்களிலும் அனுமதி ஓசையின்றி மாறிவிடும். பிழையாக 777 என்று திறந்துவிட்டுப் பழைய நகலை நாடினால், அங்கும் 777 என்றே இருக்கும்.

ஆகவே பெருந்தொகையான கோப்புகளின் அனுமதியை மாற்றுமுன், 'கெட்-எஃப்ஏசிஎல்' கட்டளையால் இருக்கும் அனுமதிகளை ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வது நலம். 'செட்-எஃப்ஏசிஎல்' அதைக் கொண்டே யாவற்றையும் மீட்டுத் தரும்; காப்பு நகலைத் தொடவே வேண்டுவதில்லை.

அம்மகளுக்கு இன்னுமொரு சொல். இடம் வேண்டுமென்று மிகப் பழைய நாளின் நகலை மட்டும் அழித்தால் பயன் சிறிதே. அதே கோப்புகளை ஏனைய நாட்களின் நகல்களும் பற்றிக்கொண்டிருப்பதால், கடைசி இணைப்பு அற்றுப்போகும்வரை அவ்விடம் விடுபடாது. வேறொரு வட்டைக் கேட்டுப் பெறுவதே இப்போதைக்கு ஏற்றது.