பட்டியல் போடுவதும் அறிவியல்தான்

பல்கலைக்கழகத்தில் தரவுகளைத் தொகுக்கும் வேலையை 'எழுத்தர் வேலை' என்று ஒதுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை.

1959இல் கேம்பிரிட்ஜ் வானியலாளர்கள், வானொலி அலைகளை வெளியிடும் விண்பொருள்களைப் பட்டியலிட்டார்கள். அதில் 273ஆம் எண் கொண்ட பொருளை 1962இல் நிலா மறைத்தது. அந்த நேரத்தைக் கணித்து, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி அதன் இடத்தைத் துல்லியமாகக் காட்டியது. மறு ஆண்டு மார்ட்டன் ஷ்மிட் அதன் ஒளியை ஆராய்ந்தார். விண்மீன்போல் தெரிந்த அது, 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருந்தது! கருந்துளையைச் சுற்றும் வாயுவால் ஒளிரும் அத்தகைய விண்மீன்மண்டல மையங்களையே இன்று குவேசார் என்கிறோம். பட்டியல் இல்லையேல், யார் அதைத் தேடியிருப்பார்கள்?

ஸ்லோன் வான் ஆய்வு 2020இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 7.5 லட்சம் குவேசார்கள் உள்ளன. அதை யாரும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்யலாம். மேகம் மூடிய நம் வானமும், தொலைநோக்கி இல்லாத பள்ளியும் இனித் தடையல்ல.

பள்ளி அறிவியல் கழகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அதிலிருந்து நூறு குவேசார்களை எடுங்கள், தொலைவு வாரியாக வரைபடம் போடுங்கள். கேள்விகள் தானாக எழும்.