எதிர்பார்ப்பின் மீது ஏன் இந்தப் பழி?

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் மன அழுத்தத்தைப் போக்க ஒரு வகுப்பு வைத்தார்கள். கோட்டு போட்ட பேச்சாளர் காலர் மைக்கைச் சரிசெய்துகொண்டே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: எதையும் எதிர்பார்க்காதீர்கள், பி.பி. தானாக இறங்கும். எல்லோரும் தலையாட்டினார்கள். தீபாவளி நெருங்கும் நேரத்தில் இந்த உபதேசத்துக்கு நிர்வாகம் ஏன் காசு கொடுத்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

காலை வணக்க வாட்ஸ்அப் படம் தொடங்கி கல்யாணப் பந்தி வரை இதே சரக்குதான் ஓடுகிறது. மறுத்தால் கீதை என்பார்கள், புத்தர் என்பார்கள். அவர்கள் பேசியது விடுதலையைப் பற்றி ஐயா, கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பற்றி அல்ல.

கார்ட்டிசாலைப் பற்றித்தான் பேச வேண்டுமென்றால் பேசுவோம். அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் லீ பெர்க் குழுவினர், நகைச்சுவைப் படம் பார்க்கப் போகிறோம் என்று காத்திருந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2008இல் முடிவைச் சொன்னார்கள்: கார்ட்டிசால் 39 சதவீதம் குறைவு, அட்ரினலின் 70 சதவீதம் குறைவு. கவனியுங்கள், படம் இன்னும் போடவில்லை! சிரிப்பு வரவில்லை, வரப்போகிறது என்ற நினைப்பு மட்டுமே வந்திருக்கிறது. அதற்கே அட்ரினல் சுரப்பி அடங்கிவிட்டது. சின்ன ஆய்வுதானே என்று மூக்கைச் சுளிப்பவர்களைக் கேட்கிறேன்: நம் பேச்சாளர் காட்டிய ஆதாரம் என்ன? சூரியன் மறையும் படம் ஒன்று.

மூளையும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, விளக்கு எரிந்தால் பழச்சாறு வரும் என்று குரங்குகளைப் பழக்கினார். பழகிய பிறகு டோபமைன் செல்கள் துடித்தது சாறு நாக்கில் பட்டபோது அல்ல, விளக்கு எரிந்தபோதே. குரங்குக்குக்கூடப் படம் போடுவதற்கு முன்பே திருவிழா தொடங்கிவிடுகிறது. மனிதனுக்கு மட்டும் அது கூடாதாம்.

எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் வலிக்காதா என்பார்கள். வலிக்கும். அது கொடுக்காதவனின் குற்றம், காத்திருந்தவனுடையது அல்ல. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டமே குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று எழுதி வைத்தது. ஆனால் நிர்வாகத்தினர் எவ்வளவு, எந்தத் தேதி என்று சொல்லாமல் இழுத்தடிப்பார்கள். தொழிலாளி கேட்டால், அவனுக்கு எதிர்பார்ப்பு அதிகமாகிவிட்டது என்பார்கள். நெஞ்சைப் பிசைவது எதிர்பார்ப்பு அல்ல, வருமா வராதா என்ற இழுபறி. நோட்டீஸ் போர்டில் ஒரு தேதியை ஒட்டினால் போதும், பாதிப் பேருக்கு மாத்திரையே வேண்டாம்.

வீட்டிலும் இதே கதைதான். பிளஸ் டூ பிள்ளையிடம் பரீட்சை முடியும்வரை ஊட்டி என்ற பேச்சையே எடுக்கக் கூடாதாம், கவனம் சிதறுமாம். இரண்டு வருடம் அந்தப் பிள்ளை எதைப் பார்த்து மூச்சு விடுவது? மதிப்பெண்ணையா? படம் போடப் போகிறோம் என்றாவது சொல்லித் தொலையுங்களேன்.

நெதர்லாந்தில் 1,500க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. சுற்றுலா போகப் போகிறவர்கள், போகாதவர்களைவிட, கிளம்பும் முன்பே மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, மிகவும் நிம்மதியான பயணம் வாய்த்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்கும் வீட்டிலேயே இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதாவது பலன் பெரும்பாலும் போவதற்கு முந்தைய நாட்களில்தான். நம் ரயில்வேயோ 2024 நவம்பரில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக வெட்டிவிட்டது. நம் சந்தோஷத்தில் பாதியைப் பறித்துக்கொண்டு, அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்.

மீதமுள்ள 60 நாளையாவது விடாதீர்கள். முன்பதிவு காலை 8 மணிக்குத் திறக்கிறது.