உறக்கம் ஒரு சிக்கனமா?

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்திலேயே கழிக்கிறான். அறுபது ஆண்டு நிறைந்து மணிவிழாக் காணும் ஒருவர், அவற்றுள் இருபது ஆண்டுகள் கண்மூடியே இருந்திருக்கிறார் என்பது வியப்பன்றோ? பொருளீட்டும் பொருட்டு ஊரை விட்டு வந்த நம்மவர்க்கு, இந்த இருபது ஆண்டும் வீணாய்ப் போனதாகத் தோன்றுவது இயல்பே. ‘இன்னும் இரண்டு மணி நேரம் விழித்திருந்து வேலை பார்த்தால் என்ன? பிள்ளை இன்னும் சிறிது படித்தால் என்ன?’ என்னும் எண்ணம் நம் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. அந்த எண்ணம் பொருந்துமா என்பதை, விலங்குகளின் வாழ்வைக் கொண்டு இம்மாதம் ஆராய்வோம்.

உறங்கும் பிராணி இரை தேடுவதில்லை, குஞ்சுகளைக் காப்பதில்லை, பகை நெருங்குவதையும் எளிதில் அறிவதில்லை. இத்தனை அபாயம் இருந்தும் ஈ முதல் யானை வரை உறக்கத்தை விட்டுவிடவில்லை. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் இரண்டு பெண் யானைகளின் துதிக்கையில் சிறு கருவிகளைப் பொருத்தி, 35 நாட்கள் கவனித்து, 2017-ல் முடிவை வெளியிட்டனர். அவை நாளொன்றுக்குச் சராசரி இரண்டு மணி நேரமே உறங்கின. தென் துருவத்தை அடுத்த கிங் ஜார்ஜ் தீவில் அடைகாக்கும் பெங்குவின்களோ, நான்கு நான்கு விநாடிகளாக ஒரு நாளில் பதினாயிரம் தடவைக்கு மேல் உறங்கி, மொத்தத்தில் பதினொரு மணி நேரத்தை நிரப்பிக்கொள்கின்றன என்று 2023-ல் தெரியவந்தது. துண்டு துண்டாக வெட்டியாவது உறக்கத்தைப் பெற்றுக்கொள்கின்றனவே அன்றி, அது வேண்டாம் என்று தள்ளுவதில்லை. ஆகவே அதில் ஏதோ பெரும் பயன் இருத்தல் வேண்டும்.

அப்பயன் யாது? விஞ்ஞானிகள் நெடுங்காலமாகக் கூறிவந்த விடைகளுள் ஒன்று, ‘சக்திச் சிக்கனம்’ என்பது. இரை கிடைக்காத வேளையில் அலைந்து திரிந்து உடலின் சேமிப்பைக் கரைப்பதைவிட, ஓரிடத்தில் அடங்கிக் கிடப்பது மேல் அல்லவா?

இதற்குச் சிறந்த சான்று தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழும் ஓசனிச் சிட்டுகள். பகலெல்லாம் பூந்தேனை உண்டு வாழும் இச்சிறு பறவைகளுக்கு இரவில் உணவில்லை. மலைக் குளிரோ கடுமை. பெரு நாட்டில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2020-ல் வெளியாயிற்று. மெட்டலூரா ஃபீபி என்னும் இனத்துப் பறவை ஒன்றின் உடல் வெப்பம் இரவில் 3.26 டிகிரி செண்டிகிரேடு வரை இறங்கியதைக் கண்டனர். தொட்டுப் பார்ப்பவர் இறந்த பறவை என்றே எண்ணுவர். விடியலில் அது உடலைச் சூடேற்றிக்கொண்டு மீண்டும் தேனுக்குப் பறந்தது. நீண்ட நேரம் இவ்வாறு ஒடுங்கிக் கிடந்த பறவைகளின் எடையே குறைவாக இழக்கப்பட்டது.

ஆயினும் இந்நிலை உறக்கம் அன்று. அதனினும் ஆழ்ந்த மந்த நிலை. உண்மையான உறக்கத்தில் மிச்சமாவது எவ்வளவு? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2011-ல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஏழு பேரைப் படுக்கையிலேயே இருக்கச் செய்து, ஒரு நாள் உறங்கவிட்டும், பிறகு நாற்பது மணி நேரம் விழித்திருக்கச் செய்தும், உடலின் செலவை அளந்தனர். உறங்காத நாளில் கூடுதலாகச் செலவானது ஏறத்தாழ 134 கலோரி; அதாவது, நாட்செலவில் நூற்றுக்கு ஏழு பங்கு. நம் வீட்டுக் கணக்கில் சொல்வதானால் இரண்டு மூன்று இட்டிலிகள்! இச்சிறு மிச்சத்திற்காகவா எட்டு மணி நேரத்தைக் கொடுக்கிறோம்?

இவ்விடத்தில்தான் வட துருவப் பகுதியின் நில அணில் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. ஆண்டில் ஏழெட்டு மாதங்கள் அது வளைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அப்போது அதன் உடல் வெப்பம் உறைநிலைக்கும் கீழே 2.9 டிகிரி வரை இறங்குவதை, அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் பிரையன் பார்ன்ஸ் 1989-ல் வெளியிட்டார். இதைவிடச் சிக்கனம் உண்டோ? ஆனால் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை அது சேமித்த கொழுப்பை எரித்து, உடலை நம்மைப் போல் 37 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக்கொள்கிறது. குளிர்காலச் செலவில் ஒரு கணிசமான பங்கு இதற்குப் போய்விடுகிறது. இவ்வளவு செலவு செய்து விழித்த பின் என்ன செய்கிறது? இரை தேடுகிறதா? இல்லை, நேரத்தின் பெரும்பகுதியை உறங்கிக் கழிக்கிறது! மூளையின் மின்னலைகளைப் பதிந்து பார்த்து, பார்ன்ஸும் நெதர்லாந்தின் செர்ஜ் டானும் அவர்தம் தோழரும் 1991-ல் இதனை அறிவித்தனர். இந்த விழிப்புக்கு உறக்கம் ஒன்றே காரணம் என்று இன்று எல்லோரும் ஒப்புவதில்லை. எனினும் அடங்கிக் கிடப்பது வேறு, உறங்குவது வேறு என்பது தெளிவாயிற்று.

உறக்கம் வெறும் கதவடைப்பு அன்று என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குபவரின் கண்கள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் ஒரு கட்டத்தைக் கண்டறிந்தனர். அக்கட்டத்தில் மூளை விழித்திருக்கும் போது செலவிடும் அளவுக்கே சக்தியைச் செலவிடுகிறது. அதே பல்கலைக்கழகத்தில் 1980-களில் எலிகளை உறங்கவிடாமல் வைத்துப் பார்த்தனர். அவை மிகுதியாக உண்டன, ஆயினும் மெலிந்தன. உடலின் செலவு இரு மடங்குக்கு மேல் உயர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் மடிந்தன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, மார்க்கஸ் ஷ்மிட் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளர் 2014-ல் ஒரு கருத்தை வெளியிட்டார். உறக்கம் செலவைக் குறைப்பதைவிட, செலவைப் பங்கிடுகிறது என்பதே அதன் சாரம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் இல்லத்தரசிக்கு இது எளிதில் விளங்கும். வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் ஆகிய யாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க இயலாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை வைக்கிறாள். உடலும் அவ்வாறே. பகலில் நடை, பேச்சு, உழைப்பு ஆகியவற்றுக்குக் கொடுக்கிறது. இரவில் அவற்றை நிறுத்தி, வளர்ச்சிக்கும் பழுது பார்ப்பதற்கும் கற்றதை நினைவில் பதிப்பதற்கும் கொடுக்கிறது. குழந்தைகளின் வளர்ச்சிக்கு வேண்டிய சுரப்பு ஆழ்ந்த உறக்கத்தின்போது மிகுதியாகச் சுரப்பது யாவரும் அறிந்த உண்மை.

ஆகவே, உறக்கத்தில் வெட்டி எடுக்கும் இரண்டு மணி நேரம் இலாபம் ஆகாது. இரவுத் தவணையில் விழும் பாக்கியே ஆகும். பாக்கி வயிற்றையும் தாக்குகிறது. கொலராடோவினர் 2013-ல் வெளியிட்ட மற்றொரு சோதனையில், வாரத்தில் ஐந்து நாட்கள் இரவுக்கு ஐந்து மணி நேரமே உறங்கியவர்களின் உடற்செலவு சற்றுக் கூடியது உண்மை. ஆனால் இரவு உணவுக்குப் பின் கொறித்த தீனி அதனையும் விஞ்சிற்று. எடை முக்கால் கிலோவுக்கு மேல் ஏறியது.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒன்பது மணி நேரத்திற்குக் குறையாமலும், பதின்ம வயதினர்க்கு எட்டு மணி நேரத்திற்குக் குறையாமலும், பெரியவர்க்கு ஏழு மணி நேரமாவதும் உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் பரிந்துரை. பரீட்சைக் காலத்திலும் இக்கணக்கு மாறாது. படித்தது மனத்தில் தங்க வேண்டுமானால் பிள்ளை உறங்கியே தீர வேண்டும்.

இரவு முறை வேலைக்குச் சென்று காலையில் திரும்புவோர் நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர். ஓர் அறை, ஈரறை வீடுகளில் அவர்கள் பகலில் உறங்குவது எளிதன்று. சன்னலுக்கு ஒரு கனத்த திரை இடுங்கள். தொலைக்காட்சியின் ஒலியைத் தணியுங்கள். அவருடைய கைப்பேசியை வேறு ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் உறவினர் வந்தாலும் அவரை எழுப்ப வேண்டாம். அதை மரியாதைக் குறைவாக வந்தவர் கருதமாட்டார். கருதினால் நில அணிலின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

நிலத்தையே காணாமல் கடல்மேல் நாட்கணக்காகப் பறக்கும் பறவைகள் எப்போது உறங்குகின்றன என்பதை அடுத்த இதழில் காண்போம்.