"விளங்கியதா?" என்று கேட்டால் போதுமா?



எங்கள் தெருவில் சீனி வருத்தமுள்ள ஓர் உம்மா சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். துண்டு வெட்டும் வேளையில், இன்சுலின் ஊசியைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும் என்று தாதி சொல்லி, "விளங்கியதா?" என்று கேட்டார். உம்மா தலையாட்டினார். அன்று மஃரிபுக்கு முன்பே ஊசியைப் போட்டுக்கொண்டார். பிறகு தொழுகை, ஓதல், சுகம் விசாரிக்க வந்தவர்கள் என்று நேரம் போனது. இஷாவுக்குப் பின் சோற்றுக்கு உட்காருமுன்னே உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சும் தடுமாறியது. மருமகள் உடனே சீனி கரைத்துக் கொடுத்ததால் தெளிந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

தாதி சொன்னது பிழையில்லை. உம்மாவும் தனக்கு விளங்கியபடிதான் செய்தார். அவருக்குக் கொடுத்த இன்சுலினைப் போட்டு அரை மணித்தியாலத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். அந்த ஒரு விஷயம் மட்டும் விடுபட்டுப் போயிற்று.

பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "விளங்கியதா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "ஓம்" என்று சொல்லும். ஒரு பிள்ளையை எழுப்பி, "நீ சொல் பார்ப்போம்" என்றால்தான் உண்மை தெரியும்.

இதற்கு நபி (ஸல்) அவர்களிடமே முன்மாதிரி இருக்கிறது. உறங்கப் போகுமுன் ஓதும் ஒரு துஆவை அவர்கள் பராஉ இப்னு ஆஸிப் (ரழி) அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பராஉ (ரழி) அதை அவர்கள் முன்னிலையில் திருப்பிச் சொன்னபோது, 'நபி' என்று வர வேண்டிய இடத்தில் 'ரஸூல்' என்று சொல்லிவிட்டார்கள். நபியவர்கள் அந்த ஒரு சொல்லைக்கூட விடாமல் அங்கேயே திருத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. திருப்பிச் சொன்னதால்தானே பிழை வெளிப்பட்டது!

இன்று பல நாடுகளில் தாதியருக்கும் இம்முறையையே பயிற்றுவிக்கிறார்கள். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். வீட்டில் எப்படிப் போடுவீர்கள், சொல்லுங்கள் உம்மா" என்று கேட்பதால் நோயாளிக்கு வெட்கம் வராது. துண்டு வெட்டும் அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டாமல், வார்டில் ஒவ்வொரு வேளையும் குளிசை கொடுக்கும்போதே, "இது பிரஷருக்கு, இது சீனிக்கு" என்று சொல்லி வந்தால் மனதில் பதியும். ஊசியானால் நோயாளியின் கையாலேயே போடவைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பது மகளோ மருமகளோ என்றால், அவரையும் அருகில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

முழு வார்டையும் சுமக்கும் தாதியருக்கு நேரம் போதாது என்பது உண்மைதான். பாஷையும் ஒரு தடை. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனாலும் கட்டிலருகே தமிழ் தெரிந்தவர் எப்போதும் இருப்பதில்லை. தாதிமாராகப் பணிபுரியும் எங்கள் சகோதரிகள் இதை ஓர் அமானிதமாக எண்ண வேண்டும். படிக்கும் பெண்பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்பப் பெற்றோரும் தயங்கக்கூடாது.

தாதி கேட்காவிட்டால் நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். "மிஸ், நான் சொல்றேன், சரியா என்று பாருங்க" என்றால் போதும். எதற்கான மருந்து, எவ்வளவு, எப்போது, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்ற நான்கையும் கேட்காமல் வெளியே வராதீர்கள். மார்க்கத்தைக் கற்க அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்தார்கள். உயிரைக் காக்கும் விஷயத்தில் நமக்கு மட்டும் ஏன் வெட்கம்?

நோன்பு காலத்தில் மருந்து நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்; ரமழானுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான்.

இன்றிரவு உங்கள் உம்மாவின் மருந்துப் பையை எடுங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, "இதை எப்படிக் குடிக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.