ஆசிரியர் மாணவராக அமர்ந்தபோது

அறிவியலைச் செய்து பார்த்தே கற்க வேண்டும் என்கிறோம். கற்பிப்பவர் செய்து பார்த்திருக்கிறாரா? மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் (இன்று நர்மதாபுரம்) மாவட்டத்தில் 1972-ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம் இக்குறையைத் தீர்க்க முயன்றது. பயிற்சி முகாம்களில் ஆசிரியர்களே மாணவரைப் போலக் குழுக்களாக அமர்ந்து, சோதனைகளைத் தம் கைகளால் செய்து, முடிவுகளைப் பற்றி வாதிட்டனர்.

1978-இல் அங்கு வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் அமைத்தார். சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. கூரைச் சட்டங்களில் முக்கோணம் ஏன் என்பது, விரலால் அழுத்திப் பார்த்த ஆசிரியருக்கு மறக்குமா?

தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுத முடிந்தது! இத்தகைய திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது. எம் மனம் இன்னும் ஆறவில்லை.