எண்ணுக்கு மொழியில்லை, நோயாளிக்கு உண்டு!

கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளிலும் ஏறிச் செல்லும் பேருந்தில் பாதி வழியிலேயே காது அடைத்துக்கொள்ளும். ஏற்காட்டுக்கு ஏறுவோர்க்கும் அஃதே. எச்சிலை விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அடைப்புப் 'படக்'கென்று நீங்கும். இதனைத் துய்த்தறியாதார் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அரியர். ஆனால், அவ்வடைப்பை நீக்கும் உறுப்பின் பெயர் யாதெனக் கேட்டால், படித்தவரும் விழிப்பர். விடை கூறுவோரும் 'யூசுட்டேசியன்' என்றே கூறுவர். நம் தலைக்குள் இருக்கும் உறுப்புக்கு நம் நாவில் பெயரில்லை! இஃது ஒரு சொல்லின் குறையன்று; நோயின் பெயர் விளங்காமையால் நோயே முற்றவிடப்படும் கொடுமை இது.

அவ்வுறுப்பைச் செவிக்குழல் என்போம். நடுச்செவியையும், மூக்கின் பின்னுள்ள மேல்தொண்டையையும் அஃது இணைக்கின்றது. வளர்ந்தவர்க்கு ஏறத்தாழ 3.5 செ.மீ. நீளமுடையது. இயல்பாக மூடியிருந்து, விழுங்கும்போது நொடிப்பொழுது திறந்து, செவிப்பறையின் இருபுறக் காற்றழுத்தத்தையும் ஒப்பச் செய்வது அதன் பணி. தடுமனாலோ, ஒவ்வாமையாலோ, மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியாலோ அது திறவாதாயின், நடுச்செவியிலுள்ள காற்று சிறிது சிறிதாக உறிஞ்சப்பட்டுச் செவிப்பறை உட்குழியும், பின் நீர் கோக்கும், கேள்வி மங்கும்.

குழந்தைகட்கு இக்குழல் குறுகியது; சாய்வும் குறைந்தது. ஆகவே தொண்டையின் நோய் செவிக்கு எளிதில் ஏறுகின்றது. நீர் கோத்த செவியில் பலகால் வலியும் இராது; சீழும் இராது. ஆசிரியர் சொல்வது அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை 'மண்டு' என்று பெயரெடுக்கின்றது. மருத்துவரிடம் கொண்டு செல்லும் தாய்க்கோ, ஆங்கில எழுத்துகள் மூன்று கிறுக்கிய சீட்டொன்று கிடைக்கின்றது. என்ன நோய் என்று அறியாத அவள், சளி குறைந்தவுடன் மருத்துவத்தை நிறுத்திவிடுகின்றாள். குழந்தையைத் தலை உயர்த்திப் பாலூட்ட வேண்டும் என்பதும், சீழ் வடியும் காதில் எண்ணெய் ஊற்றலாகாது என்பதும் அவளுக்கு அவள் மொழியில் உரைக்கப்பட வேண்டியவை. வளர்ந்தவர்க்கு ஒரு காதில் மட்டும் அடைப்புக் கிழமைக்கணக்கில் நீடித்தால், மூக்கின் பின்புறத்தே கட்டி உளதா என்று ஆய்ந்து பார்த்தாக வேண்டும் என்பதும் அத்தகையதே.

இனி, இதன் மறுபுறத்தைக் காண்க. நம் மாவட்டங்களில் உயிரியலும் மருந்தியலும் பொறியியலும் பயின்ற இளைஞர் பலர், சேலத்திலும் கோவையிலும் சென்னையிலும் மருத்துவக் குறியீட்டுப் பணியில் அமர்ந்துள்ளனர். அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்குரிய குறியெண்ணை இடுவது அவர்தம் தொழில். அந்நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள பத்தாம் பட்டியலில் ஏறத்தாழ எழுபதாயிரம் குறியெண்கள் உள. அவற்றுள் எச் 68.0 என்பது செவிக்குழல் அழற்சி, எச் 68.1 செவிக்குழல் அடைப்பு. எச் 69.0 என்பது மூடாச் செவிக்குழல். தம் குரலும் மூச்சும் தம் காதிலேயே முழங்குவதாக நோயாளி கூறும் நிலை அது. அக்குறியின்பின் 1 எனின் வலச்செவி. 2 எனின் இடச்செவி. 3 எனின் இருசெவியும். எந்தச் செவி என்று குறியாது விட்டால் காப்பீட்டுப் பணமே தடைப்படலாம். கடல் கடந்த ஒருவரின் இடக்காதை இத்துணை நுணுக்கமாகப் பிரித்தறியும் நம் இளைஞன், தன் ஊர்ப் பிள்ளையின் காதுக்கு வந்த நோயைத் தன் தாய்க்கு விளக்கச் சொல்லின்றித் திகைக்கின்றான்.

தமிழில் நோய்ப்பெயர் எழுதினால் குழப்பம் நேரும், பிறநாட்டார்க்கு விளங்காது என்று கூறுவோர்க்கு இக்குறியெண்ணே விடை. எச் 69.0 என்னும் குறியில் ஆங்கிலச் சொல் ஒன்றேனும் உளதோ? எண்ணுக்கு மொழியில்லை. அவ்வெண்ணின் பக்கத்தில் செருமானியர் தம் மொழிப் பெயரை எழுதுகின்றனர். சப்பானியர் 'காதுக்குழல்' என்று பொருள்படும் தம் சொல்லை எழுதுகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் பத்தாம் பட்டியல் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஆக்கப்பட்டுள்ளது. எண் நிலைத்து நிற்க, பெயர் அவரவர் மொழியில் வழங்குகின்றது. குழப்பம் எங்கும் நேரவில்லை. 2024-ஆம் ஆண்டில் சித்த மருத்துவம் கூறும் நோய்நிலைகளும் அந்நிறுவனத்தின் பதினோராம் பட்டியலில் குறியெண் பெற்றுவிட்டன. பின்னும் தமிழில் இயலாது என்பது அறியாமை; அன்றேல் சோம்பல்.

'யூசுட்டேசியன்' என்னும் பெயர்தானும் நோயாளிக்கு உணர்த்துவது யாது? 16-ஆம் நூற்றாண்டில் அக்குழலை விளக்கிய இத்தாலிய அறிஞர் இயூசுட்டாக்கியின் பெயரை, 1704-இல் வால்சால்வா என்பார் அதற்கு இட்டார். அறிஞரைப் போற்றுவது தக்கதே. ஆயினும் அப்பெயரால் குழல் எங்குளது என்றோ, என்ன செய்கின்றது என்றோ அறிய முடியாது. செவிக்குழல் என்ற அளவில் எழுதப் படிக்க அறியாத மூதாட்டிக்கும் பாதி விளங்கிவிடும்.

இம்முயற்சி நம் மண்ணுக்குப் புதிதன்று. மறைமலையடிகள் தனித்தமிழியக்கம் கண்ட அதே 1916-இல், சேலத்தில் வழக்குரைஞராயிருந்த இராசாசி, அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு கழகம் கண்டார். அவர்தம் சொற்றேர்வில் நமக்கு வேற்றுமை உண்டு. எனினும் தேவையைச் சேலம் அன்றே உணர்ந்தது. அதற்கும் முன்னர், 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிரீன், தமிழ் கற்று, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அமெரிக்கர் ஒருவர் தமிழில் மருத்துவம் கற்பித்த வரலாறு நம்முடையது. அமெரிக்கரின் நோயை ஆங்கிலத்தில் எண்ணித் தருவதோடு அமைவது நமக்குத் தகுமோ?

பழித்துரைப்பதால் பயனில்லை, பணி தொடங்குக. குறியீட்டுத் தொழிலிலுள்ள இளைஞர்காள்! பட்டியல் முழுமையும் வேண்டா. செவிநோய்க்கு உரிய எச் 60 முதல் எச் 95 வரையிலான பகுதியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தமிழ்ப்பெயரும், நோயாளிக்கு விளங்கும் ஒரு வரி விளக்கமும் எழுதுங்கள். காதடைப்பு, காதிரைச்சல், சீழ்வடிதல் என மக்கள் நாவில் உள்ள சொற்களை முதலில் கொள்ளுங்கள். இல்லாதவற்றை மட்டும் புதிதாய் ஆக்குங்கள். சேலத்தில் 1986 முதலும் நாமக்கல்லில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள. அங்குள்ள தமிழுணர்வு மிக்க மருத்துவர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தருக. அரசு, மருத்துவச் சீட்டில் குறியெண்ணோடு தமிழ்ப்பெயரும் இடம்பெறுமாறு ஆணையிடுக.

'எச் 69.02: மூடாச் செவிக்குழல், இடச்செவி' என்று ஒரு சீட்டில் எழுதப்படுமாயின், எண்ணை உலகம் படிக்கும், பெயரைத் தாய் படிப்பாள். இரண்டும் ஒருங்கே இயலும்போது, தாயை மட்டும் இருளில் நிறுத்துவது எவ்வகை அறம்?